கால் ஆர்மோனியம்: பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

பழைய நாடகக் கம்பெனிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் கால் ஆர்மோனியமும் கூடவே வந்துவிடும். மேடையோரத்தில் ஆர்மோனியக்காரர் அமர்ந்திருப்பார். கைகள் கட்டைகள்மேல், கால்கள் மிதிகள்மேல். இந்தக் காட்சி பலருக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். உள்ளே பியானோவில் உள்ளதுபோல் கம்பிகள் இருக்கின்றன என்பார் ஒருவர். சர்ச் ஆர்கனின் குழாய்களைச் சிறிதாக்கி வைத்திருக்கிறார்கள் என்பார் இன்னொருவர். வேகமாக மிதித்தால் சுருதி ஏறும் என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. நம் கை ஆர்மோனியத்துக்குத்தான் பிற்காலத்தில் மிதி பொருத்தினார்கள் என்பது எல்லாவற்றிலும் பரவலான கதை. நான்குமே தவறு.

இந்த வாத்தியத்தைப் புரிந்துகொள்ள இசைப் பயிற்சியோ இயற்பியல் பட்டமோ தேவையில்லை. ஒரு பித்தளை நாக்கு, ஒரு துருத்தி, இரண்டு கால்கள் ஆகியவை சேர்ந்து என்ன செய்கின்றன என்று தெரிந்தால் போதும். பார்ப்பவர் கண்ணெல்லாம் விரல்கள்மேல்தான் இருக்கும். வாசிப்பின் நயம் பெரும்பாலும் கால்களில் இருக்கிறது என்பதே நான் சொல்ல வருவது.

ஸ்கேலும் பித்தளை நாக்கும்

வகுப்பு மேசையின் ஓரத்தில் ஸ்கேலை வைத்து, ஒரு முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வெளியே நீட்டியிருக்கும் மறுமுனையைத் தட்டி விளையாடாத பிள்ளைகள் குறைவு. நிறைய நீட்டிவிட்டுத் தட்டினால் 'டொர்ர்' என்று தாழ்வாக அதிரும். உள்ளே இழுத்துக் குட்டையாக்கினால் ஒலி மேலே ஏறும். கூடவே இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். ஒரே நீளத்தில் வைத்துக்கொண்டு பலமாகத் தட்டினால் சத்தம் பெரிதாகும், ஆனால் ஸ்வரம் மாறாது.

ஆர்மோனியத்தின் ஒலிக்கு மூலமும் இப்படி ஒரு முனை கட்டுண்டு மறுமுனை ஆடுகிற பொருள்தான். ஒரு சிறிய பித்தளைத் தகட்டில் நீளவாக்கில் சந்து வெட்டியிருப்பார்கள். அதன்மேல் மெல்லிய பித்தளை நாக்கு ஒன்று இருக்கும். அதன் ஒரு முனையைத் தகட்டோடு ரிவெட் அடித்து இறுக்கி, மறுமுனையைச் சும்மா விட்டிருப்பார்கள். நாக்கு அந்தச் சந்தைவிட மயிரிழை அளவே சிறியது. அதனால் விளிம்பில் உரசாமல் சந்துக்குள் போய்த் திரும்ப முடியும். தகடும் நாக்கும் சேர்ந்த இந்த உறுப்புக்கு ரீடு என்று பெயர்.

ஸ்கேலை அசைக்க விரல் வேண்டும். ரீடை அசைப்பது காற்று. நாக்கின் நுனி சந்துக்கு மேலே சற்றே தூக்கியிருக்கும். அந்த இடைவெளியில் காற்று விரைந்து நுழையும்போது நாக்கையும் சந்துக்குள் இழுக்கிறது. நாக்கு சந்தை அடைத்ததும் காற்று தடைபடுகிறது. உடனே நாக்கு தன் விறைப்பால் பழைய இடத்துக்குத் திரும்புகிறது. மறுபடி காற்று பாய்கிறது, மறுபடி நாக்கு உள்ளே இழுபடுகிறது. மேற்கத்திய இசைக்குழுக்கள் இன்று சுருதி சேர்க்கப் பயன்படுத்தும் ஸ்வரத்தில் இது நொடிக்கு 440 முறை நடக்கிறது. வாசிக்கும்போது திறந்து பார்த்தால் நாக்கின் நுனி கலங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். காதில் விழுவது பித்தளை அதிரும் ஒலி என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் நாக்கு காற்றோட்டத்தை விட்டு விட்டு அனுப்புகிறது. ஸ்வரமாக நாம் கேட்பதில் பெரும்பகுதி அந்தக் காற்றுத் துடிப்புதான்.

நாக்கு நீளமாகவும் கனமாகவும் இருந்தால் மெதுவாக ஆடும், ஸ்வரம் தாழும். குட்டையாகவும் விறைப்பாகவும் இருந்தால் வேகமாக ஆடும், ஸ்வரம் உயரும். சுருதி சேர்ப்பவரின் வேலை இதை நம்பியே நடக்கிறது. நுனியில் கொஞ்சம் சுரண்டினால் கனம் குறைந்து ஸ்வரம் ஏறும். ரிவெட்டுக்குப் பக்கத்தில் சுரண்டினால் விறைப்பு குறைந்து ஸ்வரம் இறங்கும். சுரண்டிய பித்தளை திரும்ப வராது. ஆகவே கைதேர்ந்தவர் ஒரு தடவை லேசாகச் சுரண்டுவார், ரீடைத் திரும்பப் பொருத்தி ஊதிக் கேட்பார், பிறகுதான் அடுத்த சுரண்டல்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால், கால் ஆர்மோனியத்தில் கம்பிகள் இல்லை. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனித்தனிப் பித்தளை நாக்கு உண்டு. எந்த ஸ்வரம் என்பதை நாக்கின் நீளமும் கனமும் விறைப்பும் முடிவு செய்கின்றன.

குழாய் ஏன் தேவைப்படவில்லை?

நாதஸ்வரத்தின் சீவாளியும் ரீடு வகைதான். ஆனால் அதன் இரண்டு இதழ்களும் ஒன்றோடொன்று மோதி மூடித் திறக்கின்றன. கிளாரினெட்டில் ஒற்றை ரீடு ஊதுவாயின் விளிம்பில் மோதுகிறது. இவை மோதும் ரீடுகள். இந்த வாத்தியங்களில் ஸ்வரத்தை முக்கியமாக முடிவு செய்வது குழாய்க்குள் நிற்கும் காற்றின் நீளம். துளைகளை மூடியும் திறந்தும் ஸ்வரம் மாற்றுவது அதனால்தான்.

ஆர்மோனிய நாக்கு எதிலும் மோதுவதில்லை. சந்துக்குள் தடையின்றிப் போய் வருகிறது. இது மோதா ரீடு. இங்கே ஸ்வரத்தை நாக்கே முடிவு செய்துவிடுவதால் குழாய்க்கு வேலையில்லை. பைப் ஆர்கனில் 8 அடிக் குழாய் தர வேண்டிய தாழ்ந்த ஸ்வரத்தை இங்கே விரல் நீள நாக்கு கொடுத்துவிடும். சுவரையே அடைத்து நிற்கும் ஆர்கனை வைக்க இடமோ பணமோ இல்லாத சிறிய தேவாலயங்களுக்கும் வீடுகளுக்கும் இந்தப் பெட்டி போய்ச் சேர்ந்ததற்கு இதுவே காரணம். இன்னொரு நன்மையும் உண்டு. வெப்பம் ஏறினால் குழாய்களின் சுருதி ஏறிவிடும். பித்தளை நாக்கின் சுருதி அந்த அளவுக்கு நகராது. நன்றாகச் சுருதி சேர்த்த பெட்டி பல ஆண்டுகள் அப்படியே நிற்கும்.

மவுத் ஆர்கனும் அக்கார்டியனும் இதே மோதா ரீடுக் குடும்பம். சீனாவின் 'ஷெங்' என்ற ஊதுவாத்தியத்தில் மோதா ரீடு பல நூற்றாண்டுகளாக இருந்துவருகிறது.

கால்கள் எதற்கு?

பெடல் என்ற சொல் குழப்பத்துக்கு இடம் தருகிறது. பியானோவின் பெடல் ஒலியை நீடிக்கவோ மென்மையாக்கவோ செய்யும். பெரிய பைப் ஆர்கனில் கால்களுக்கென்று தனிக் கட்டைகள் இருக்கும், அவற்றில் ஸ்வரங்களே வாசிப்பார்கள். கால் ஆர்மோனியத்தின் இரண்டு மிதிகளும் காற்றுக்காக மட்டுமே. மிதிக்காமல் எத்தனை கட்டைகளை அழுத்தினாலும் சத்தம் வராது.

ஒவ்வொரு மிதியும் ஒரு சிறிய துருத்தியோடு இணைந்திருக்கிறது. மிதித்தால் அந்தத் துருத்தியில் இருக்கும் காற்று உள்ளே தள்ளப்படும். காலைத் தளர்த்தினால் ஸ்பிரிங் துருத்தியை விரித்து, வெளிக்காற்றை நிரப்பிக்கொள்ளும். உள்ளே போன காற்று திரும்பி வராமல் தோல் மடல்கள் தடுக்கும். இப்படித் தள்ளப்படும் காற்று நேராக ரீடுக்குப் போனால் ஒவ்வொரு மிதிக்கும் ஒலி எழும்பி அடங்கும். அதனால் இடையில் ஒரு பெரிய துருத்தியை வைத்திருக்கிறார்கள். இது சேமிப்புத் துருத்தி. இதை ஸ்பிரிங்குகள் எந்நேரமும் ஒரே பலத்தோடு அழுத்திக்கொண்டே இருக்கும். கால்களில் இருந்து வரும் காற்று ஏற்றத்தாழ்வாக இருந்தாலும் இங்கே தேங்கி, சீராக வெளியேறும்.

கட்டைகளுக்கும் ரீடுகளுக்கும் நடுவில், தோல் ஒட்டிய மரமூடிகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு கட்டையை அழுத்தினால் அதற்குரிய மூடி திறக்கும். காற்று அந்த ரீடின் வழியே பாயும். விரலை எடுத்தால் மூடி மூடிக்கொள்ளும், ஸ்வரமும் அந்தக் கணமே நிற்கும். விரலின் வேலை இந்தத் திறப்பும் மூடலும் மட்டுமே. கட்டையை மெதுவாக அழுத்தினாலும் ஓங்கிக் குத்தினாலும் ஒலியின் அளவு ஒன்றுதான். பியானோ பழகியவர்கள் இதன்முன் உட்கார்ந்ததும் தடுமாறுவது இங்கேதான்.

சரி, பாட்டில் ஓரிடம் பெருகவும் ஓரிடம் தணியவும் வேண்டுமே, அது எப்படி? ஐரோப்பிய ஆர்மோனியத்தில் இதற்கு 'எக்ஸ்பிரஷன்' என்ற ஸ்டாப்பர் இருக்கிறது. (ஸ்டாப்பர் என்பது கட்டைகளுக்கு மேலே இருக்கும் இழுப்புக் குமிழ்.) அதை இழுத்தால் சேமிப்புத் துருத்திக்குப் போகும் வழி அடைபட்டு, கால் தள்ளும் காற்று நேரே ரீடுகளுக்குப் போகும். அந்த நொடியில் இருந்து பாதத்தின் அழுத்தம் அப்படியே ஒலியில் தெரியும். பாதம் மெல்ல அழுந்தினால் ஒலி வளரும், தளர்ந்தால் தேயும். ஒரு கால் முடிக்கும் முன்பே மறு கால் தொடங்கியிருக்க வேண்டும். அந்தக் கைமாற்றம் கொஞ்சம் பிசகினாலும் பாட்டின் நடுவே விக்கல் கேட்கும். இதைப் பழகுவதற்கு விரல் பயிற்சியைவிட அதிகப் பொறுமை வேண்டும். பாடகர் மூச்சை எப்படி ஆள்கிறாரோ அதே கவனத்தோடு பாதங்களை ஆள வேண்டிய வாத்தியம் இது. அதனால்தான் இதைக் கட்டை வாத்தியம் என்பதைவிடக் காற்று வாத்தியம் என்று சொல்லவே நான் விரும்புகிறேன்.

வேகமாக மிதித்தால் சுருதி ஏறும் என்ற நம்பிக்கைக்கும் இங்கே விடை இருக்கிறது. காற்றின் அழுத்தம் கூடினால் ஒலி பெரிதாகிறது. சுருதி கிட்டத்தட்ட அசைவதே இல்லை. அழுத்தம் மிக அதிகமானால், குறிப்பாகத் தாழ்ந்த ரீடுகளில், சுருதி ஒரு துளி இறங்கும். ஏறாது.

சுருக்கம்: கால்கள் காற்றைத் தருகின்றன, சேமிப்புத் துருத்தி அதைச் சீராக்குகிறது, விரல்கள் மூடியைத் திறக்கின்றன. 'எக்ஸ்பிரஷன்' ஸ்டாப்பரை இழுத்துவிட்டால் ஒலியின் ஏற்ற இறக்கம் முழுக்கக் கால்களின் பொறுப்பு.

ஊதும் பெட்டி, உறிஞ்சும் பெட்டி

வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றுபோல இருக்கும் இரண்டு வாத்தியங்களை எல்லோரும் ஒரே பெயரால் அழைக்கிறார்கள். மேலே விவரித்தது ஐரோப்பிய வகை. அதில் காற்று உள்ளிருந்து ரீடு வழியாக வெளியே தள்ளப்படுகிறது. அமெரிக்காவில் பெருகிய வகையில் எல்லாம் தலைகீழ். அங்கே மிதிகள் பெட்டிக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுகின்றன. உள்ளே அழுத்தம் குறைவதால், கட்டையை அழுத்தி மூடியைத் திறந்ததும் வெளிக்காற்று ரீடு வழியாக உள்ளே பாய்கிறது. இதை அமெரிக்கன் ஆர்கன் என்பார்கள்.

ஊதும் பெட்டியின் ஒலி கூர்மையானது, காலின் சிறு அசைவுக்கும் மாறக்கூடியது. உறிஞ்சும் பெட்டியின் ஒலி மெத்தென்று இருக்கும். வாசிப்பதும் எளிது. அதில் ஒலியைக் கூட்டிக் குறைக்கக் கட்டைகளுக்குக் கீழே முழங்காலால் தள்ளும் நெம்புகள் இருக்கும். மிதிகளுக்கு மேலே, முழங்கால் உயரத்தில் இரண்டு மரத் தகடுகள் நீட்டிக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் உறிஞ்சும் வகை என்று கொள்ளலாம்.

ஸ்டாப்பர்கள்

பெரிய பெட்டிகளில் ஒரே கட்டைக்கு இரண்டு மூன்று ரீடுகள் இருக்கும். எந்த வரிசை ரீடுகளுக்குக் காற்று போக வேண்டும் என்பதை ஸ்டாப்பர்கள் முடிவு செய்கின்றன. சிலவற்றில் 8, 4, 16 என்று எண்கள் எழுதியிருக்கும். 8 என்றால் ஸ்வரம் உள்ளபடியே ஒலிக்கும், 4 என்றால் ஒரு ஸ்தாயி (ஸ முதல் அடுத்த ஸ வரையிலான ஒரு சுற்று) மேலே, 16 என்றால் ஒரு ஸ்தாயி கீழே. பைப் ஆர்கனின் குழாய் நீளங்களை வைத்து வந்த வழக்கம் இது. உள்ளே குழாய் இருக்கிறது என்ற எண்ணத்துக்கு இந்த எண்களும் காரணமாக இருக்கலாம். நடுக்கம் தரும் ஸ்டாப்பர் ஒன்றும் உண்டு. பல அமெரிக்கன் ஆர்கன்களில் அது ஒரு சிறிய சுழல்தட்டு, காற்றோட்டத்திலேயே சுழன்று ஒலியை அலையச் செய்யும்.

பாரிஸில் இருந்து கல்கத்தா வரை

ஐரோப்பாவில் மோதா ரீடை வைத்து முதலில் பெயர் வாங்கியவர்களில் ஒருவர் கிரிஸ்டியன் கிராட்சென்ஸ்டைன். மனிதக் குரலின் உயிரெழுத்து ஒலிகளைப் போலச் செய்து காட்டும் கருவிக்காக 1780-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தின் பரிசைப் பெற்றார். அடுத்து 1810 வாக்கில் பாரிஸில் கேப்ரியல் ஜோசப் கிரெனியே, மிதியின் அழுத்தத்தால் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ரீடு ஆர்கனைச் செய்தார். ஆர்மோனியம் என்ற பெயரோடு காப்புரிமை பெற்றவர் அதே நகரத்தின் அலெக்சாண்டர் டெபைன், ஆண்டு 1840. ரோசினி போன்ற பெரிய இசையமைப்பாளர்கள் இதற்கு இசை எழுதினார்கள். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தின் பிராட்டில்பரோ என்ற சிற்றூரில் இருந்த எஸ்டி நிறுவனம் மட்டுமே 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ரீடு ஆர்கன்களைச் செய்து விற்றது. பிறகு பியானோ மலிவானது, மின்னணு ஆர்கன்கள் வந்தன, இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இந்தத் தொழில் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது.

இந்தியாவுக்கு வந்ததும் கால் வைத்த பெட்டிதான். கப்பல் ஏறி வந்த மிஷனரிகளும் ஆங்கிலேயர்களும் அதைக் கொண்டுவந்தார்கள். தரையில் சம்மணமிட்டு வாசிக்கும் நம் வழக்கத்துக்கு மிதிகள் ஒத்துவரவில்லை. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் மிதிகளை எடுத்துவிட்டு, பின்பக்கம் கையால் அசைக்கும் துருத்தியை வைத்தார். 1875-ம் ஆண்டை ஒட்டி வந்த இந்த வடிவம்தான் இன்று பஜனையிலும் கவாலியிலும் நாம் காண்பது. ஆக, கால் ஆர்மோனியம் மூத்தது, கை ஆர்மோனியம் இளையது.

இந்த மாற்றத்தில் ஒன்று கிடைத்தது, ஒன்று போனது. தூக்கிச் செல்ல முடிகிற எளிமை கிடைத்தது. ஆனால் ஒரு கை துருத்திக்குப் போய்விட்டதால், வாசிக்க ஒரு கைதான் மிச்சம்.

தமிழ் மேடையில்

தமிழ் நாடக மேடை கால் ஆர்மோனியத்தை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு இந்த இரண்டு கைகளே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய 'வள்ளி திருமணம்' போன்ற நாடகங்களில் வசனத்துக்கு நிகராகப் பாட்டு உண்டு. மைக் இல்லாத காலத்தில் திறந்தவெளியில் விடிய விடிய நடந்த நாடகத்துக்குப் பெரிய ஒலி வேண்டும். வலது கை பாட்டைத் தொடரும்போது இடது கை கீழ் ஸ்தாயியில் தாங்கிப் பிடிக்கலாம். கால்கள் காற்றைக் கவனித்துக்கொள்வதால் ஆர்மோனியக்காரர் தாமும் வாய்திறந்து பின்பாட்டுப் பாடலாம்.

ஸ்பெஷல் நாடகத்தில் இவருடைய பொறுப்பு இன்னும் பெரிது. அங்கே நடிகர்களைத் தனித்தனியாக ஒப்பந்தம் செய்வார்கள். ஒத்திகை கிடையாது. ராஜபார்ட்டும் (கதாநாயகன்) ஸ்திரீபார்ட்டும் (கதாநாயகி) அன்றிரவு மேடையில்தான் சந்திப்பார்கள். யார் எந்தக் கட்டையில் பாடுவார், எந்த அடியில் நிறுத்துவார் என்பதைக் கேட்ட மாத்திரத்தில் பிடித்து, இரண்டு குரல்களையும் ஒரே பாட்டில் சேர்த்து வைப்பவர் ஆர்மோனியக்காரர். மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவிழாக்களில் இன்றும் இதைப் பார்க்கலாம்.

பாடகர்கள் 'ஒரு கட்டை', 'ஐந்தரைக் கட்டை' என்று சுருதி சொல்வதும் இந்தக் கட்டைகளை எண்ணித்தான். மேற்கத்திய இசையில் 'சி' எனப்படும் வெள்ளைக் கட்டை ஒன்று. அதிலிருந்து ஐந்தாவது வெள்ளைக் கட்டையை ஸட்ஜமாக (ஸ) வைத்தால் ஐந்து கட்டை, அதை அடுத்துள்ள கறுப்பில் வைத்தால் ஐந்தரை. உச்ச ஸ்தாயியில் பாடிக் கடைசி வரிசை வரை கேட்கவைத்த நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பா (1906–1933) போன்றவர்களின் பெருமையை அந்தக் காலத்து ரசிகர்கள் கட்டைக் கணக்கில்தான் பேசினார்கள்.

கமகம் வராது என்பது உண்மையா?

கமகம் என்றால் ஸ்வரத்தை அசைத்தும் வழுக்கியும் தருவது. அது வராது என்பது உண்மைதான், காரணமும் இப்போது உங்களுக்கே தெரியும். ஒரு நாக்குக்கு ஒரே ஸ்வரம். வீணையில் கம்பியை இழுப்பதுபோல் நாக்கை இழுக்க வழியில்லை. இரண்டு கட்டைகளுக்கு நடுவில் இருக்கும் இடத்தை இந்தப் பெட்டியால் தொட முடியாது. அகில இந்திய வானொலி 1940-ல் ஆர்மோனியத்தை விலக்கி வைத்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இதுவும் ஒன்று. 1971-ல்தான் தடையைத் தளர்த்தினார்கள். வாத்தியத்தின் எல்லையைச் சொன்னவரை அந்த வாதம் சரி. ஆனால் கமகத்தைக் குரல் பார்த்துக்கொள்ளும் இடத்தில், குரலுக்குக் கீழே அறாத ஆதாரமாக நிற்பதே ஆர்மோனியத்தின் வேலை. அதை முப்பது ஆண்டுகள் வானொலியில் ஒதுக்கி வைத்தது அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

பழைய பெட்டி ஒன்று கண்ணில் பட்டால்

தேவாலயத்தின் மூலையிலோ பழைய வீட்டின் மச்சிலோ இப்படி ஒரு பெட்டி கிடந்தால் உடனே ஏறி மிதிக்க வேண்டாம். பல ஆண்டுகள் ஓய்ந்திருந்த துருத்தித் துணி விறைத்திருக்கும், ஓங்கி மிதித்தால் மடிப்பில் கிழியும். மெதுவாக நாலைந்து மிதி மிதித்து நிறுத்திவிட்டு, ஒரு கட்டையை அழுத்துங்கள். மிதிக்காமலே ஒலி சில நொடிகள் நீடித்தால் சேமிப்புத் துருத்தி காற்றைப் பிடிக்கிறது என்று பொருள். உடனே செத்துப்போனால் எங்கோ கசிவு இருக்கிறது.

ஒரு கட்டை மட்டும் ஊமையாக இருந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் நாக்குக்கும் சந்துக்கும் நடுவில் ஒரு தூசு சிக்கியிருக்கும். அந்த இடைவெளி அவ்வளவு சிறியது, ஒரு தூசு போதும். ரீடைக் கழற்றி மெல்லிய தூரிகையால் துடைத்தாலே பேசத் தொடங்கிவிடும். கட்டையைத் தொடாமலே ஒரு ஸ்வரம் ஒலித்துக்கொண்டிருந்தால் கோளாறு ரீடில் இல்லை, மரமூடி சரியாக மூடவில்லை. எந்த நிலையிலும் ரீடுக்கு எண்ணெய் விடாதீர்கள். எண்ணெய் தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும், நாக்கின் கனம் மாறிச் சுருதியும் கெடும். நாக்கை விரலால் தூக்கி வளைப்பதும் கூடாது. நுனியின் வளைவு சற்று மாறினாலும் ரீடு தாமதமாகப் பேசும், அல்லது பேசவே பேசாது. துருத்தியும் தோலும் தேய்ந்திருந்தால் புதிதாக மாற்றிக்கொள்ளலாம். பித்தளை நாக்குகள் உடையாமல் இருக்கும்வரை பெட்டியைக் கைவிட வேண்டியதில்லை.